இதரச் செலவு: அறுபத்திரண்டு பவுண்டு

மார்ச் முப்பத்தொன்றோடு கணக்காண்டு முடிகிறது.
போல்கரோ ஊர் மன்றத்தின் பன்னிரண்டு மாதமும்
ஒரே தாளின் இரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும்.
போன ஆண்டு மூன்று பக்கம் போய்விட்டது,
யாரும் படிக்கவில்லை என்றார் தலைவர் டிகரி.
அவரும் படிக்கவில்லை.

வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நான் எழுத்தர்.
எழுதுகிறேன்.

தெருவிளக்குகள் பதினொன்று மாற்றப்பட்டன.
மஞ்சள் போய் வெள்ளை வந்தது,
கூடவே திருமதி ட்ரெவெல்லாவின் கடிதங்கள் நான்கு:
படுக்கையறையில் பகல் அடிக்கிறதாம்.
தகரத் தடுப்பு ஒன்று வைத்தோம்.
ஐந்தாவது கடிதம் வந்தது:
இப்போது வாசற்படி தெரியவில்லை.

கீழ்ச்சந்து வடிகால் தூர்வாரப்பட்டது.
அக்டோபர் மழை வந்து சோதித்துப் பார்த்தது.
மெரினின் வீட்டுத் தண்ணீர் இம்முறை
வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனது.

நாய்க்கழிவுத் தொட்டிகள் இரண்டு.
அவற்றுக்கு நான்கு மணி நேரம் விவாதித்தோம்,
கடற்சுவர் விரிசலுக்குப் பத்து நிமிடம்.
சுவர் மாவட்டத்தின் சொத்து.
நாய் நம்முடையது.

மாவட்டம் கைகழுவிய கழிப்பறையை
நாங்கள் எடுத்துக்கொண்டோம்,
வீட்டுக்கு ஏழு பவுண்டு கூடுதல் வரி போட்டு.
குளிர்காலம் முழுக்க மூடவில்லை.
ஜனவரியில் ஒருநாள் தபால்காரி லவ்டே
வண்டியின் கண்ணாடியை இறக்கி
"நன்றி" என்று கத்திவிட்டுப் போனாள்.
ஆண்டு முழுக்க மன்றத்துக்குக் கிடைத்த
ஒரே நன்றி.
அதை வரவில் வைக்க வழியில்லை.

பேருந்து நிழற்குடையின் கண்ணாடி உடைந்தது,
இரண்டாம் முறை.
உடைத்தது ஜோரி என்று ஊருக்கே தெரியும்.
பதினாறு வயதுக்காரன் பெயரைப் போடக்கூடாது என்பதால்
"ஓர் இளைஞர்" என்று குறித்தேன்.
நாளுக்கு மூன்று பேருந்து.
கோபப்பட நேரம் நிறைய.

இதரச் செலவு: அறுபத்திரண்டு பவுண்டு.

பழைய தொலைபேசிப் பெட்டிக்குள் தொங்கும்
இதய அதிர்வுக் கருவிக்கு
புதிய ஒட்டுப்பட்டைகள், ஒரு ஜோடி.
பழையவை
ஒட்டப்பட்டுவிட்டன.

பிப்ரவரி ஒன்பது, காலை ஆறரை மணி.
படகு இறக்கும் சரிவில், நண்டுக்கூடுகளின் மேல்
அப்படியே சாய்ந்தார் காரன். ஐம்பத்திரண்டு வயது.
ஆறு நாற்பது பேருந்துக்கு நின்றவன் ஓடினான்.
அவசர எண்ணில் ஒரு பெண்குரல்
நான்கு இலக்கம் சொல்ல, பூட்டு திறந்தது.
அதன் பிறகு கருவியே பேசியது:
சட்டையை வெட்டு. ஒட்டு. விலகு. அழுத்து. அழுத்து.
ஆம்புலன்ஸ் வர இருபத்தாறு நிமிடம்.
இருபத்தாறு நிமிடமும் அழுத்தினான்.

காரன் இன்னும் இரண்டு நாள் இருந்தார்.
அபர்டீனிலிருந்து மகள் வந்துசேர,
கண்திறந்த அப்பாவிடம் ஏதோ சொல்ல,
அந்த இரண்டு நாள் போதுமாயிருந்தது.

எந்தத் தலைப்பில் எழுதுவது இதை?
மேம்பாடு? சேவை? பராமரிப்பு?
படிவத்தில் இருந்ததே மூன்று கட்டம்.
நான்காவது, இதரம்.

மார்ச் கூட்டத்துக்கு ஜோரி வந்தான்.
பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
கண்ணாடிக்கு மன்னிப்புக் கேட்பான் என்று
டிகரி தொண்டையைச் செருமித் தயாரானார்.
அவன் கேட்கவில்லை.
"பெட்டிக்குள்ள ஒரு விளக்கு வேணும்.
தெருவிளக்கு முதுகுல விழுது.
என் நிழலே மறைச்சுது."
இருபது வினாடிகூட ஆகவில்லை.
உட்காராமல் போய்விட்டான்.

ஏழு கைகளும் உயர்ந்தன,
நாய்த்தொட்டிக்கு ஒருபோதும் சேர்ந்து உயராத ஏழு கைகள்.

அறிக்கை நிரம்பிவிட்டது, ஒரு வரிக்கும் இடமில்லை.
புதிய தாளெடுத்து
அடுத்த ஆண்டின் முதல் வரியை எழுதிவைத்தேன்:
விளக்கு ஒன்று, சிறியது, பதினெட்டு பவுண்டு.

யார் படுக்கையறையிலும் விழாது.