பொதுச் செலவு

கொலக்கம்பையில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து
வேன் குன்னூருக்குத் திரும்புகிறது.
உள்விளக்கு எரிகிறது,
கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதால்.
அந்த வெளிச்சத்தில் கணக்கு எழுதுகிறேன்.
நான் யூபோனியம்.
கணக்குப் புத்தகம் என்னிடம் வந்ததற்குக் காரணம்
படிப்பு இல்லை,
மடியில் கிடத்தினால் என் வாத்தியம் மேசையாகிவிடும்.

பேசியது பதினைந்தாயிரம்.
போன வருடமும் அதேதான்;
டீசல் மட்டும் எங்களுக்கு முன்னால் மலையேறிவிட்டது.
வேனுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு.
மண்டப மேனேஜருக்கு ஆயிரம்:
எங்கள் நம்பரைக் கொடுத்ததற்குப் பாதி,
டிஜே நம்பரைக் கொடுக்காததற்குப் பாதி.
மாஸ்டருக்கு இரண்டு.
கோட்டுச் சலவை இருநூறு.
மிச்சம் ஒன்பதாயிரம், பதினோரு பேர்.

மாஸ்டரோடு சேர்த்துப் பன்னிரண்டு தலை வேண்டும் என்றார்கள் பெண்வீட்டார்.
தலை எண்ணித்தான் எங்களுக்குக் காசு.
சுரம் எண்ணிய கல்யாண வீட்டை
இந்த மலையில் நான் இன்னும் பார்க்கவில்லை.
அதற்காகத்தான் டம்மிகள் மூன்று பேர்:
சிவப்புக் கோட்டு, அடைத்துப்போன வாத்தியம், ஆளுக்கு முந்நூறு.
கன்னத்தை உப்பிக்கொண்டு நடக்க வேண்டும்.
சத்தம் வந்தால் ஐம்பது பிடித்தம்.

இன்றைக்கு நாலாவது பாட்டில்
ஸ்தனிஸ்லாஸின் உதடு வெடித்தது.
தை மாதத்து மவுத்பீஸ், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் குளிர்.
கோட்டுக் கையில் ஒரு துடைப்பு.
சிவப்பில் சிவப்பு யாருக்கும் தெரியவில்லை.
மீதி ஏழு பாட்டுக்கும்
டிரம்பெட்டை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபடி
ஊதாமல் நடந்தான்.
தவமணியின் கிளாரினெட்தான் மெட்டைத் தனியாக
மேடு முழுக்க இழுத்துக்கொண்டு போனது.
வாசலில் எண்ணினார்கள்.
பன்னிரண்டு. சரி.

முதல் டிரம்பெட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
ஊதாத டிரம்பெட்டுக்கு?

"ஏழு பாட்டு எம் மூச்சு" என்றான் தவமணி,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.
ஸ்தனிஸ்லாஸ் பேசவில்லை. பேசினால் உதடு திறக்கும்.
மார்கழியில் அவனுக்குக் கிடைத்தது இரண்டு சாவு,
அதில் ஒன்று இன்னும் பாக்கி.
கிறிஸ்துமஸ் பவனிக்கு வாசித்தான்;
சொந்தக் கோயிலில் எப்படிக் காசு கேட்பது?
இதெல்லாம் புத்தகத்தில் இல்லை.
புத்தகப்படி வகுத்துப் பார்த்தேன்:
பதினொன்றில் நாலு பாட்டு,
ஐந்நூற்று நாற்பத்தைந்து ரூபாய், நாற்பத்தைந்து பைசா.
வேனில் யாரோ சிரித்தார்கள்.
பைசாவுக்குச் சிரித்தார்களா, எனக்கா, தெரியவில்லை.

அப்போது பின்சீட்டிலிருந்து ராக்கன்,
பகலில் டீ பேக்டரி, முகூர்த்தத்தில் டம்மி:
"அண்ணே, அவருக்குச் சும்மா ஊதத் தெரியலண்ணே.
விரலு நிஜமா போச்சு, கன்னம் போகல.
மாட்டிக்குவோம்னு பக்கத்துல நடந்து
நான்தான் சொல்லிக் குடுத்தேன்.
அதுக்கு ரேட் என்னா?"

காட்டேரி வளைவில் எதிரே லாரி. வேன் நின்றது.
மூடுபனிக்குள் இரண்டு வண்டியும்
யார் பின்னால் போவது என்று யோசித்தன.
நாங்கள்தான் போனோம்.

எழுதினேன்:
ஸ்தனிஸ்லாஸ் ஆயிரம்.
தவமணிக்கு மேல்கொண்டு நானூறு.
ராக்கன், கற்பித்த வகையில், ஐம்பது.
யாரும் சரி என்று சொல்லவில்லை.
நீட்டிய கைகள் மட்டும் வாங்கிக்கொண்டன.

நாளைக் காலை பத்துக்கு அருவங்காட்டில் சாவு.
சாவில் பேரம் இல்லை, அட்வான்ஸும் இல்லை.
அவர்கள் தலை எண்ணமாட்டார்கள்.
ஆனால் கேட்பார்கள்.
பஸ் ஸ்டாண்டில் ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது.
மீதி ஐம்பதை ராக்கனிடம் கொடுத்து
கடைசி வரியை எழுதினேன்:
வாஸ்லின், பொதுச் செலவு.