ஐந்து நானோமீட்டர்

ஈயம் என்றால் எங்களுக்கு ஏழு புள்ளி இரண்டு.
அந்தக் கெல்வினுக்குக் கீழே போனால்
மின்தடை என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல் இருக்கும்,
அருகே வரும் காந்தத்தை வாசலிலேயே நிறுத்தும்.

கிண்டி. அடித்தளம். இரவு ஒன்றரை.
மேலே மழை பெய்வது
தேவசகாயத்தின் ரெயின்கோட் சொட்டுவதில்தான் தெரிந்தது.
ஹீலியம் குடுவையை உருட்டி வந்து சொன்னார்:
"இதோட சரி மேடம். அடுத்தது செவ்வாய்க்கிழமைதான்."

நாற்பது நானோமீட்டர் துகள்: கோடு விழவேண்டிய இடத்தில் விழுந்தது.
இருபதும் அப்படியே.
பத்து, கொஞ்சம் தயங்கி,
சறுக்குமரத்தில் பயந்த பிள்ளைபோல் இறங்கியது.
ஐந்து
விழவே இல்லை.
பம்பைப் போட்டு ஒன்று புள்ளி ஆறு வரை இழுத்தேன்.
கோடு படுத்தே கிடந்தது.

ஒயர் விட்டுப்போயிருக்கும் என்றேன். விடவில்லை.
வெப்பமானி பொய் சொல்கிறது என்றேன். சொல்லவில்லை.
ஈயம் துருவேறிவிட்டதோ என்று
காலையில் எடுத்த படத்தைத் திரும்பப் பார்த்தேன்.
சுத்தமான, உருண்டையான, குட்டிக்குட்டி ஈயம்.

பெரிய ஈயத்தில் எலக்ட்ரானின் படிகள்
படியென்றே தெரியாது;
மெரினா மணலில் தண்ணீரை நோக்கி நடப்பதுபோல்.
எங்கோ போகும் இரண்டு
தூரத்திலிருந்தே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.
துகளைச் சுருக்கச் சுருக்க
படிகள் விலகும், உயரும்.
ஒரு படியின் உயரம்
பிடிப்பின் பலத்தைத் தாண்டியதும்
பிடிப்பு என்ற பேச்சே இல்லை.
எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டால் இன்னும் மோசம்.
துணையில்லாத அந்த ஒன்று
ஒரு படியை அடைத்து உட்கார்ந்துகொள்ளும்,
அங்கே ஜோடிகளுக்கு இனி இடமில்லை.

"என்ன மேடம், ஓடலையா?"
"ஓடலை. அதுதான் பதில்."
அவர் யோசித்தார்.
"சின்னதுன்னா சீக்கிரம் குளிரணுமே?"
"குளிர்ந்துதான் இருக்கு, தேவசகாயம்.
உள்ளே ஆள் பத்தலை."

சொன்னபிறகு எனக்கே அது சரியா என்று சந்தேகம்.
நோட்டில் தேதி போட்டு
'மாற்றம் இல்லை' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.
கூரையடியில் மீட்புப் பை
ஆவியான ஹீலியத்தால் மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது.
விளக்குக் கம்பத்தடியில் நனைந்த புள்ளிமான்கள்,
ஏழோ எட்டோ.
ஒற்றைப்படையா என்று எண்ணத் தொடங்கினேன்.
ஐந்து வரை வந்திருப்பேன்,
சர்தார் படேல் சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.