பூட்டு

திட்டத்துக்காரர்கள் தந்த தாளில் பதினோரு விதிகள்.
தண்ணீரைக் கொதிக்க வை. கொசுவலை கட்டு.
ஒன்பதாவது: மாணவி தங்கும் அறைக்குப் பூட்டு.
அதுவரை எங்கள் வீட்டில் பூட்டே கிடையாது.
திருட ஒன்றுமில்லை என்பதால் அல்ல,
கோவேறு கழுதையின் சேணம் நல்ல விலைக்குப் போகும்.
ஆனால் ஆல்தோ போனீத்தோவில் திருடியவன்
அதைத் தூக்கிக்கொண்டு எங்கே இறங்குவான்?
ஒரே பாதை. வழி நெடுக
என் மைத்துனர்கள் ஐந்து பேர் வீடு.

வாஸ்கர் மோட்டார் சைக்கிளில் வந்து
பித்தளைப் பூட்டொன்றை மாட்டிவிட்டுப் போனான்.
சாவி ஒன்றே ஒன்று. அது அவளுக்கு.

மாரென். மினசோட்டாக்காரி. இருபது வயது.
வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து
"எனக்குக் கல்யாணமாகிவிட்டது" என்றாள்.
எலிஹியோ எழுந்துபோய்க் கைகுலுக்கி வாழ்த்தினான்.
களைத்துப்போயிருக்கிறாளாம்.
எங்கள் ஸ்பானிய மொழியில்
இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மெல்லெழுத்து.
பதினேழு வருஷமாக நான் அதைக் கவனித்ததில்லை.

பகலெல்லாம் ஊற்றிலிருந்து குழாய்க்குப் பள்ளம் வெட்டுவார்கள்,
ஏழு வீட்டில் தங்கிய ஏழு பிள்ளைகள்.
மாலையில் கொப்புளக் கையோடு
என் பக்கத்தில் துவரை உரிக்க உட்காருவாள்.
நான் ஒரு கிண்ணம் முடிப்பதற்குள் அவள் ஆறு காய்.
ஒவ்வொன்றிலும் எத்தனை மணி என்று எண்ணுவாள்.
எதற்கு எண்ணுகிறாய் என்றேன்.
யோசித்தாள். அந்த வார்த்தை
அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ராத்திரியில் அழுவாள்.
எங்கள் பலகைச் சுவர் கூரைவரை போகாது,
மேலே இரண்டு முழம் விட்டிருக்கிறோம், காற்றுக்கு.
பூட்டுக்கு அது தெரியாது.
மூக்கை உறிஞ்சும் சத்தம் இந்தப் பக்கம் வரும்.
எங்கள் சண்டை அந்தப் பக்கம் போயிருக்கும்.
காலையில் அவள் காப்பியில்
ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போடுவேன்.
அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.
யாரும் எதுவும் கேட்டுக்கொண்டதில்லை.

மாசம் ஒரு கவர். சொல்லிவிடுகிறேன், பணம் வாங்கினோம்.
அடுப்படிக்குத் தகரம், யெய்சனுக்கு ஷூ.
சோற்றுக்கு இவ்வளவு, சர்க்கரைக்கு இவ்வளவு என்று
கவரில் பிரித்து எழுதியிருக்கவில்லை.

ஒன்பதாம் வாரக் கடைசியில் லாரி வந்தது.
அறையைப் பெருக்கினாள். விரிப்பை மடித்தாள்.
என்னைக் கட்டிக்கொண்டு, மறுபடி ஓடிப்போய்
பழக்கத்தில் கதவைப் பூட்டி,
சாவியோடு லாரியில் ஏறிவிட்டாள்.

எலிஹியோ சுத்தியலை எடுத்தான்.
நான் விடவில்லை.
பூட்டு திட்டத்தின் கணக்கில் இருக்கிறது,
ஜூனில் இன்னொருத்தி வருகிறாள்.

அது யெய்சனின் அறை.
ஒன்பது வாரம் எங்கள் காலடியில் சுருண்டவன்
அன்று ராத்திரி சுவரேறி உள்ளே குதித்தான்.
இருட்டிலிருந்து குரல் வந்தது:
"சோப்பு வாசனை அடிக்குது.
சுவத்துல பென்சில் கோடு போட்டிருக்கு."
எத்தனை?
டார்ச் வெளிச்சம் கூரையில் ஆடியது.
"நாப்பத்தொண்ணு."
அறுபத்துமூன்று நாள் இருந்தாளே.
பென்சில் தீர்ந்துபோச்சா பாரு என்றேன்.
"இல்லம்மா. இங்கேயே கெடக்கு. நீளமா இருக்கு."
எலிஹியோ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

பதினாறு நாள் தன் கட்டிலுக்குத்
திருடனைப்போலப் போய்வந்தான் பையன்.
பிறகு வாஸ்கர் சாவியைக் கொண்டுவந்தான்.
சாந்தோ தொமிங்கோவில் விமானம் ஏறும்போதுதான்
பையில் கை விட்டுப் பார்த்தாளாம்.
சாவியைச் சுற்றிய தாளில் ஒரே வரி:
"மன்னியுங்கள், எனக்கு ரொம்பக் கல்யாணமாகியிருக்கிறது."
தெரிந்தே எழுதினாளா, தெரியாமலா?
எலிஹியோ இரண்டுதரம் சத்தமாகப் படித்தான்.
முடிவு தெரியவில்லை.

தண்ணீரா? பள்ளிக்கூடம்வரை வந்திருக்கிறது.
மீதிக் குழாய் வரவேண்டும்.

பூட்டைத் திறந்து கதவை அகலமாக வைத்திருக்கிறேன்.
யெய்சன் இன்னும்
சுவரேறித்தான் குதிக்கிறான்.