வாதி

சனி இரவு ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது.
ஆள் ஒன்று. வயது இருபத்தாறு. நீலச் சட்டை.
தண்ணீர் ஒன்றரை லீட்டர், அதுவும் காலையில்.
கடைசியாகப் போன் பேசியது நாலு பத்துக்கு.
பெயர் லஹிரு.

கேம்ப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.
கரண்டியை அறைக்காரனிடம் கொடுத்துவிட்டுக்
கயிற்றுப் பையை எடுத்தேன்.
மற்ற நாட்களில் இதில் தொங்கித்தான்
ஹோட்டலின் இருபத்திரண்டாம் மாடிக் கண்ணாடி துடைக்கிறேன்.
கம்பெனிக் கயிறு. யாரிடமும் சொல்லவேண்டாம்.

ராஸ் அல் கைமாவிலிருந்து நாற்பது நிமிடம்.
தார் முடிகிற இடத்தில் ஹுமைத்தின் பிக்கப்.
இந்த மலையில் பிறந்தவன் அவன்,
ஆடு போகிற வழி எது, ஆள் தவறிப் போகிற வழி எது என்று
டார்ச் இல்லாமலே சொல்வான்.
ரோவேனா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து
வெள்ளைச் செருப்பைக் கழற்றிச் சப்பாத்துக் கட்டினாள்.
ஸ்ட்ரெச்சரை இரண்டாகப் பிரித்து
இரண்டு முதுகில் ஏற்றினோம்.
சம்பளம் இல்லை. பேரீச்சம்பழம் உண்டு.

இங்கே வறண்ட ஆற்றுக்கு வாதி என்று பெயர்.
எங்கள் மொழியில் அது
முறைப்பாட்டோடு வந்து நிற்கும் ஆள்.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது.
எல்லோரும் நிற்கவேண்டும்.
ஒருவர் மட்டும் கூப்பிடவேண்டும்.
பிறகு ஒரு முழு நிமிடம்
கல் உருளக்கூடாது, இருமக்கூடாது,
பையின் பட்டிகூட உரசக்கூடாது.
கூப்பிடும்போது ஆள் கிடைப்பதில்லை என்பான் ஹுமைத்,
அந்த நிமிடத்தில்தான் கிடைப்பது.

என் குரல் எடுப்பானது. என்னைக் கூப்பிடச் சொன்னார்கள்.
லஹி... ரூ.
பாறை அதை வாங்கி
இரண்டு தரம் திருப்பித் தந்தது.
ஒரு நிமிடம்.
லஹி... ரூ.
ஒரு நிமிடம்.

சிங்களப் பெயர். நான் முல்லைத்தீவு.
இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
மூன்றாம் வளைவில்
மல்லி என்றும் கூப்பிட்டேன்,
தம்பி என்பதற்கு அவர்களின் சொல்.
வாய் அதைத் தன்பாட்டில் எடுத்தது.

இரண்டு மணிக்கு ஒரு நீலம்.
ஏழு டார்ச்சும் ஒன்றாய் அதன்மேல்.
ரோவேனா கையுறை போட்டுவிட்டாள்.
முள்மரத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பை.
ஹுமைத் அதைக் கழற்றி, மடித்து,
ஏனோ சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நாலரைக்கு என் குரல் போனது.
பிறகு விசில்தான்.

ஐந்து நாற்பதுக்கு, ஒரு மேட்டில், சிக்னல்.
செய்தி பழையது, பதினொன்றரைக்கே வந்தது:
ஆள் மறுபக்கத்தால் இறங்கி
ஜல்லி லொறி ஒன்றில் ஏறி
ஷார்ஜாவில் அறைக்குப் போய்விட்டான்.
போன் சார்ஜ் இல்லையாம்.
நித்திரையாம்.

ஒருவன் உருதுவில் ஒன்று சொன்னான். நல்ல நீளம்.
ரோவேனா கல்லில் குந்திச் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.
ஹுமைத் தேநீருக்குச் சுள்ளி தேடப் போனான்.

நான் கயிற்றைச் சுற்றினேன்.
கோபம் வந்தது.
அது இறங்கியபிறகு
அடியில் வேறு ஒன்று கிடந்தது.

கிளிநொச்சியில் வீதியோரம் ஒரு கொட்டில்.
அண்ணி அங்கே அண்ணாவின் படத்தோடு இருக்கிறாள்.
உறைக்குள் படத்தின் நிறம் வெயிலில் போய்விட்டது,
சட்டை என்ன நிறம் என்று அவளைக் கேட்கவேண்டும்.
எத்தனை ஆணைக்குழு, எத்தனை படிவம்.
கூப்பிட்டாயிற்று.
அந்த ஒரு நிமிடம்தான் இன்னும் முடியவில்லை.

தேடல் இப்படியும் முடியும் என்று
எனக்குத் தெரியாது.
விடியப்புறம், ஒரு மேட்டில்,
தொண்டை கட்டிய ஏழுபேர் நிற்க,
நித்திரையாம் என்று.

ஒன்பது மணிக்கு ஹோட்டல் பின்வாசலில்
மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட்டார்.
அகிலரூபன்.
வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.
அகிலரூபன், என்றார் திரும்பவும்,
தாளிலிருந்து தலை தூக்காமல்.

கையை உயர்த்தினேன்.
அவர் பார்க்கும்வரை
இறக்கவில்லை.