கடைசி ஊர்

காஸ்ட்ரோ துறையில் மழை.
படகின் ஒலிபெருக்கிக்காக
நிரல் எழுதும் நிரல் ஒன்றை
நேற்றிரவு எழுதியவள் நான்தான், இஸ்மேனியா பாரியா.
மூன்று தீவு, ஒரு சுழற்சி.
சுற்றுக்கொரு அறிவிப்பு பிறக்கும்.

லெமுய் வந்தது. "கேகுய்" என்றது படகு.
செலின் வந்தது. "கேகுய்."
உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒருத்தி
பெட்டியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்,
தன் தீவில் சரியாக இறங்கிப் போனாள்.

பிறந்த மூன்றும் ஊரை எடுத்துக்கொள்ளவில்லை.
'இந்த ஊர்' என்ற சுட்டை மட்டும்
எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன.
வாய் திறக்கும் நேரத்தில்
சுழற்சி முடிந்து வெகுநேரம்,
அந்தச் சொல்லுக்குள்
கடைசியாக வந்த ஊர் குடியிருந்தது.

என்ஜின் அறைப் படியில் உட்கார்ந்து
பிறக்கும்போதே அதனதன் ஊரை
இடுப்பில் முடிந்துவிட்டேன்.
மறுநாள் செலின் செலினாயிற்று.

கோப்பின் அடியில், வேறு யாரோ எழுதிய பழைய வரி:
"காலை வணக்கம், உங்கள் கேப்டன் ரோசமெல்."
இது நேர்மாறான பிழை.
எழுதிய அன்றே பெயரை இறுக்கிக் கட்டிவிட்டார்கள்.
ரோசமெல் ஜூலையில் போய்ச்சேர்ந்துவிட்டார்.
தினமும் காலையில் வணக்கம் சொல்கிறார்.

சுக்கானில் இருந்த எலாடியோவிடம் கேட்டேன்:
அவிழ்த்துவிடவா?
பேசும் நேரத்தில் யார் இருக்கிறாரோ
அவர் பெயர் வரும்.
ஒரு நிமிட வேலை.

கண்ணாடியில் படிந்த ஆவியை
முழங்கையால் துடைத்தார்.
"கேகுய் வரப்போகுது" என்றார்.

வந்தது.
"கேகுய்" என்றது படகு,
முதல் நாளிலிருந்தே
அது தப்பாமல் சொன்ன ஒரே ஊரை.