என் இடமா, உன் இடமா

கண்டனூரில் எங்கள் வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல்.
ஐந்து கதவையும் திறந்தால்
கீழத்தெருவில் போகும் சைக்கிள்
மேலத்தெருவுக்குத் தெரியும்.
திறப்பதில்தான் வம்பு.
மூன்று சாவி தம்பி நாச்சியப்பனிடம்,
இரண்டு என்னிடம்,
பெண்ணுக்குப் பங்கு உண்டா என்ற கட்டு
தேவகோட்டை கோர்ட்டில்.

எனக்குப் பிழைப்பு சூரியனின் விளிம்பு.
கரோனா என்றால் ஊரில் மாஸ்க்கைத் தேடுகிறார்கள்,
ஆகவே மகுடம் என்கிறேன்.
அறுபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு கலங்கள்,
நடுவே நூற்றைம்பது மீட்டர்.
முன்னது தன் தகட்டால் சூரியனை மறைக்கும்.
பின்னது அந்த உள்ளங்கை அகல நிழலில்
கண்ணை வைத்துக்கொண்டு பறக்கும்.
அரிசி அளவு பிசகினால் படம் வெளுத்துவிடும்.
ஆறு மணி நேரம் அப்படி.
பிறகு பூமியின் பக்கம் சரிந்து, சுற்றி,
மறுபடி மேலேறி
ஒன்றையொன்று தேடிக்கொள்ளும்.
வந்த படங்களில் நான் கீறல் துடைக்கிறேன்.

முன்பு ஒரு மார்கழியில்
நிலாவே வந்து மறைத்தது எங்கள் ஊரில்.
போதவில்லை.
சுற்றிலும் ஒரு வளையல் மிஞ்சியது.
அந்த வளையல் வெளிச்சமே மகுடத்தைத் தின்றுவிட்டது.

பங்குனி ஏழு. சூரியன் நேர்கிழக்கில்.
எதிர்வீடு இடிந்து பொட்டல்.
வாசலுக்கு வாசல் அறுபது மீட்டர்,
கணக்குப்படி ஐம்பத்தாறு சென்டிமீட்டர் வட்டம் வேண்டும்.
என் கல்யாணச் சீரில் ஒரு வெண்கலத் தாம்பாளம்,
ஐம்பத்தெட்டு.
"எழுபது தாம்பாளம் கொடுத்தாயிற்று, இனிப் பங்கு எதற்கு"
என்று தம்பி மனுவில் எழுதிய எழுபதில் ஒன்று.

ஆள் விட்டுக் கேட்டேன். வந்தான்.
ஏன் வந்தான் என்று கேட்கவில்லை.
அவன் முகப்பில் தாம்பாளத்தோடு,
நான் பின்வாசலில் வெல்டிங் கண்ணாடியோடு.
தட்டுக்குக் கீழே வேட்டியும் இரண்டு கால்களும்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.
மூன்று வருஷத்தில் அவனிடம் என் முதல் சொல்:
"இடப்பக்கம்."
"எவ்வளவு?"
"இரண்டு விரற்கடை."
"என் இடமா, உன் இடமா?"

ஆறு வாய்தாவாக வக்கீல்கள் கேட்டதும் அதுதான்.
"உன் இடம்" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
அவனும் சற்று நேரம் பேசவில்லை.
தட்டு நகர்ந்தது.

பொருந்தியது.
நிமிஷத்துக்கு ஒரு சாண் ஏற்றச் சொன்னேன், ஏற்றினான்.
நெஞ்சு, கழுத்து, தலைக்கு மேல்.
நிழல் ஐந்து நிலைகளையும் தாண்டி
என் கண்ணில் வந்து நின்றது.
மகுடம் இல்லை.
இங்கே காற்று இருக்கிறது, காற்றே எரிகிறது.
வளவில் பூட்டிக் கிடந்த தூசி மட்டும் எழும்பி
தட்டைச் சுற்றிப் பொன்னாய் மிதந்தது.
"தெரியுதா ஆச்சி?"
"தெரியாது. முன்னமே தெரியும், தெரியாதென்று."
"கை கடுக்குது."
"சரி, இறக்கு."
இறக்கவில்லை.
சூரியன் நிலைக்கு மேலே போகும்வரை நின்றான்.

அன்று இரவு மேலேயிருந்து படம் வந்தது.
வெள்ளி நார்கள், நீண்ட இதழ்கள்,
நடுவில் கறுப்பு வட்டம்.
துடைக்க ஒரு கீறலும் இல்லை.
வட்டத்தின் அடியில் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன்,
இரண்டு கால்கள் தெரிகின்றனவா என்று.