கைவிட்ட ஆட்டம்

சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்
ஆட ஆளில்லாத காய்களாய் நிற்க
இங்கே அநுராதபுரச் சந்தியில்
இரண்டு லீற்றருக்கு
இரண்டாம் நாளாய் நிற்கிறோம்.
மணிக்கு ஒரு கட்டம்.
காலாளுக்குக்கூட முதல் அடியில்
இரண்டு கட்டம் போக அனுமதியுண்டு.

முன்னால் நின்ற சிவப்பு ஸ்கூட்டி
ஹெல்மெற்றைக் கழற்றித் திரும்பியது.
ஜெஸீமா. கிண்ணியாப் பார்மஸிக்காரி.
பதினொரு வருடத்துக்கு முன்
மாவட்ட இறுதியாட்டத்தில்
என் ராஜாவைப் படுக்க வைத்தவள்.
இல்லை,
படுக்க வைத்தது நான்தான்.
கை நீட்டினேன்;
அவள் பேனையை நீட்டினாள்,
தாளில் ஒப்பமிட.

"என்னத்துக்கு அண்டைக்கு விட்டீங்க?"
சுகம் கேட்பதற்கு முன்பே கேட்டாள்.

உங்களிடம் ராணி இருந்தது என்றேன்.
மண்டபம் புழுங்கியது என்றேன்.
சொல்லாதது:
ஜன்னலுக்கு வெளியே ஒரு மான்
பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது.
விழுங்குமா துப்புமா என்று
என் கடைசி நான்கு நிமிடத்தையும்
அதிலேயே செலவழித்துவிட்டேன்.

வெயில் ஏறியது.
பேச வேறு என்ன இருக்கிறது?
அட்டை கிழிந்த என் புத்தகத்திலிருந்து
ஒவ்வொரு ஆட்டமாய் எடுத்துவிட்டேன்.
இலண்டனில் ஒருவன்
இரண்டு கோட்டையையும் கொடுத்து
ராணியையும் கொடுத்து
மிச்சமிருந்த மூன்று சின்னக் காய்களால்
ராஜாவைக் கட்டிப்போட்டது.
பாரிஸில், மேடையில் பாட்டு நடக்கையிலேயே
பெட்டிக்குள் இருந்தபடி
பதினேழு நகர்வில் ஒருவன் முடித்துவைத்தது.
வென்றவர்களைச் சொல்லும்போது
என் குரல் ஏறுவதை
நானே கேட்டேன்.

"லண்டன் ஆட்டத்துல தோத்த ஆள்தானாம்
அண்டைக்கே தந்தியடிச்சு
நகர்வெல்லாம் ஊருக்குச் சொன்னது," என்றாள்.
"நான் எப்பவும் அந்தப் பக்கத்துல இருந்துதான்
விளையாடிப் பாக்குறது."

பிறகு, பக்கத்து வரிசையில் நின்ற
வானின் பொனற்றுப் புழுதியில்
விரலால் அறுபத்துநான்கு கட்டம் கீறினாள்.
பனடோல் அட்டை அவள் ராணி.
சோடா மூடி அவள் ராஜா.
ஐந்து ரூபாய் நான், மூலையில்.
புளியங்கொட்டை இரண்டு என் காலாட்கள்,
எதிர்க் கொட்டைகளோடு நெற்றி முட்டி
அசைய முடியாமல்.
"கோட்டைக்கு ஏதாவது தாங்க."
மோட்டார்சைக்கிள் சாவியைக் கொடுத்தேன்.

முப்பத்தெட்டாம் நகர்வு.
பொனற் கொதித்தது.
போக ஒரு கட்டமில்லை ராஜாவுக்கு.
போகக் கூடியது சாவி மட்டும்.
அதை அவள் ராஜாவின் வாசலிலேயே
கொண்டுபோய் வைத்தால்?
எடுத்தால் எனக்கு நகர்வே மிஞ்சாது;
நகர்வில்லாதவன் தோற்றவனில்லை, சமன்.
எடுக்காவிட்டால்
துரத்திக்கொண்டே இருக்கலாம்.

பதினொரு வருடம்.
அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.
"நீங்க மானைப் பாத்திட்டிருந்த நேரம்
நான் இதைத்தான் பாத்திட்டிருந்தன்.
வச்சிருவீங்களோ எண்டு
வயித்தைக் கலக்கிச்சு."

வைத்தேன்.
சோடா மூடி ஒதுங்கியது.
சாவி பின்னால் போனது.
மூடி திரும்பி வந்தது.
"யார் வெல்றது?" என்று
கந்தளாய்க்குப் போகும் மீன் லொறிக்காரன்
தனக்குத் தெரிந்த தமிழில் எட்டிப் பார்த்தான்.
ஐஸ் உருகி அவன் சில்லுக்கடியில்
ஓடிக்கொண்டிருந்தது.
சாவி. மூடி. சாவி. மூடி.

"இது மூணாவது தடவை அதே நிலை," என்றாள்.
"சும்மா இருந்தா சமன் கிடைக்காது.
வாயைத் திறந்து கேக்கணும்."

வாயைத் திறந்தேன்.
வான் உறுமியது.
தட்டிப் பறித்தேன் சாவியை மட்டும்.
புளியங்கொட்டைகள் தாரில் தெறிக்க
பனடோல் ராணி வைப்பரில் சிக்கி
பம்புவரை போய்விட்டாள்.

உள்ளங்கைக்குள்
கோட்டை
சுட்டது.
பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள்.
சைக்கிளைத் தள்ளினேன்,
ஒரு கட்டம்.